ரப்பர் முதுகுக்கு மூன்று நிபுணர்கள்

எங்கள் கல்லூரிக்கு ஒரு முதுகு வந்து சேர்ந்தது. தலை கிடையாது, கை கால் கிடையாது. கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்போடு முடிந்துவிடும் ரப்பர் முதுகு. பெங்களூரிலிருந்து மரப்பெட்டிக்குள் வைத்து, பஞ்சு சுற்றி, பிறந்த குழந்தையைப் போல அனுப்பியிருந்தார்கள். எங்களுடைய நிஜ நோயாளிகள் டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்கிறவர்கள். அந்த மரப்பெட்டியை நான்கு பேர் அலுங்காமல் இறக்கியபோது, பிரசவ வார்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு நிறைமாத கர்ப்பிணி ஒதுங்கி நின்று வழிவிட்டதை நானே பார்த்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகிற பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டி இருக்கிற தனியார் மருத்துவக் கல்லூரி அது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். நான் அங்கே மயக்க மருந்துத் துறையில் உதவிப் பேராசிரியர். எங்கள் வேலையில் பாதி முதுகில் ஊசி போடுவதுதான். சிசேரியன் செய்துகொண்ட எந்தப் பெண்ணும் அந்த ஊசியை மறப்பதில்லை. அதற்கப்புறம் ஆயுசு முழுக்க வருகிற எல்லா முதுகுவலிக்கும் அந்த ஊசிதான் பொறுப்பு. இடுப்பில் குடம் சுமந்தது, குண்டும் குழியுமான ரோட்டில் பைக்கில் குலுங்கிப் போனது எல்லாம் கணக்கில் வராது.

அந்த ஊசியை எப்படிப் போடுவது என்று மேற்படிப்பு படிக்கிற இளம் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. நோயாளியைக் குனிந்து உட்காரவைத்து, இடுப்பெலும்பைத் தொட்டு இடம் பார்த்து, இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியை மெதுவாகச் செலுத்த வேண்டும். சரியான இடத்துக்குப் போனால் ஊசியின் பின்பக்கம் தெளிந்த நீர் சொட்டும். எழுத இவ்வளவு எளிதாக இருக்கிறது. கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும்.

கை வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அதுவரை எங்களிடம் ஒரு முறை இருந்தது. துறைத் தலைவர் தள்ளி நின்று பார்ப்பார். அன்று அவர் மனது நன்றாக இருந்தால், "கை நல்லாருக்கு" என்பார். மனது சரியில்லையென்றால் கையும் சரியிருக்காது. ஆய்வுக்கு வந்த குழுவினர் இந்த முறையை ரசிக்கவில்லை. ஆள் பார்த்து, முகம் பார்த்து மதிப்பெண் போடாமல், கையை மட்டும் அளக்கிற ஏற்பாடு வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதன் விளைவாக வந்ததுதான் இந்த முதுகு.

முதுகோடு ஓர் இளம் என்ஜினீயரும் வந்தார். வந்த அன்றைக்கு சித்தன்னவாசல் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்; மறுநாள் வேலையை ஆரம்பித்தார். பட்டாணி அளவில் சென்சார்கள். அவற்றை மணிக்கட்டிலும் விரல்களிலும் ஒட்டிக்கொண்டு, அவற்றின் மேல் க்ளவுஸ் மாட்டிக்கொண்டு ரப்பர் முதுகில் ஊசி போட வேண்டும். கை எவ்வளவு தூரம் போயிற்று, எங்கே தயங்கிற்று, எங்கே வளைந்தது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். முதலில் நிபுணர்களின் கையைப் பதிய வேண்டும். அதன் பிறகு வருகிறவர்களின் கை, நிபுணரின் கைக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகிறதோ அவ்வளவு மதிப்பெண். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. எனக்கு இது பிடித்திருந்தது. கம்ப்யூட்டருக்கு யார் மேலும் கோபம் இருக்காது, காலை காபியில் சர்க்கரை குறைந்தால் அதற்குத் தெரியாது என்று நினைத்தேன்.

"நிபுணர்னா யாரு தம்பி?" என்று துறைத் தலைவர் கேட்டார்.

"தினமும் இந்த ஊசி போடுறவங்க சார்" என்றார் என்ஜினீயர்.

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன்.

"அப்ப நான்தான்" என்றார் துறைத் தலைவர்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் அவர் கையைப் பற்றிப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பேசுவார்களாம். ஆனால் பதவி வந்த பிறகு அவருக்குக் கூட்டங்கள் வந்தன. ஒரு கூட்டம் முடிந்தால், அந்தக் கூட்டத்தைப் பற்றி அடுத்த கூட்டம். அவர் கையில் நான் ஊசியைக் கடைசியாகப் பார்த்தது ஆயுத பூஜை அன்று, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தபோது.

குறைந்தது மூன்று நிபுணர்கள் வேண்டும் என்றார் என்ஜினீயர். ஒருவருடைய தனிப்பட்ட பழக்கம் பதிவில் ஏறிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு என்று விளக்கவும் செய்தார். என் பெயர் வந்தது. நான் இன்னும் உதவிப் பேராசிரியர்தான் என்று துறைத் தலைவர் ஞாபகப்படுத்தினார். வெளியிலிருந்து ஆள் கூப்பிடலாமா என்றார் என்ஜினீயர். வெளியாட்களைக் கூப்பிட்டால் நம் கல்லூரியில் நிபுணரே இல்லை என்று ஆகாதா என்று கேட்டுவிட்டு, துறைத் தலைவர் தானே மூன்று தடவை போடுவதாக முடிவு செய்தார். நிபுணர் ஒன்று, நிபுணர் இரண்டு, நிபுணர் மூன்று என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூன்று கட்டத்திலும் ஒரே கை போய் உட்கார்ந்தது. உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லாத ஒரு நிபுணர் குழுவை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அன்று நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். ஏசி வேலை செய்யவில்லை. வியர்வையில் அவருடைய மூக்குக்கண்ணாடி இறங்கிக்கொண்டே இருந்தது. ஊசி பிடித்த வலது கையின் புறங்கையால் அதை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டார். நடுவில் மாணவர்கள் பக்கம் திரும்பி, ஊசியால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, இடுப்பெலும்பின் முக்கியத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தபோது யாராக இருக்கும் என்று யோசித்தபடி அப்படியே நின்றார். பிறகு போட்டார். மூன்று தடவையும் சரியான இடத்தில்தான் போட்டார். முதுகிலிருந்து நீர் சொட்டியது. எல்லோரும் கைதட்டினோம்.

கைதட்டல் அடங்கியதும் என்ஜினீயரைத் தனியாக அழைத்து, அந்தக் கண்ணாடி, வட்டம், போன் மூன்றையும் வெட்டிவிடலாமே என்றேன்.

"மேடம், நிபுணர் ஒண்ணு செஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும். அதுல நம்ம கை வைக்க முடியாது" என்றார். அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டார்.

முதலில் என்னைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக இதே வேலை. கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில், பவர் கட் ஆன நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில்கூடப் போட்டிருக்கிறேன். ஒரே குத்தில் நீர் வந்தது. நாற்பத்தெட்டு மதிப்பெண் என்றது கம்ப்யூட்டர். கீழே, அடிப்படைப் பயிற்சி தேவை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. துறைத் தலைவர் என்னைப் பெருந்தன்மையோடு பார்த்து, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கறம்பக்குடியில் கணக்கு வாத்தியார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டியூஷன் ஏற்பாடு செய்யவா என்று கேட்டார். அன்று ராத்திரி அவருக்கு தோசை கொஞ்சம் கருகித்தான் கிடைத்தது.

என் நாற்பத்தெட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. மாணவர்கள் கதை அப்படியில்லை. எழுபதுக்குக் குறைந்த மாணவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

அந்த வருஷத்து மாணவர்களில் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்கு முந்திரி விவசாயம். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் கை எனக்குத் தெரியும். அவசரம் கிடையாது, தடுமாற்றம் கிடையாது. எங்கே போக வேண்டுமோ அங்கே போகும், வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடும். ஊசி போட்டு முடித்த பிறகும், இன்னும் போடவில்லையா என்று நோயாளிகள் கேட்பார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டர் நாற்பத்தொன்று போட்டது. நேராகப் போய்விட்டாளாம்; எங்கேயும் நிற்கவில்லையாம்; நிபுணரின் பாதையிலிருந்து விலகிவிட்டாளாம்.

அன்று முதல் அவளுக்கு நோயாளிகளின் விவரங்களை கேஸ் ஷீட்டில் எழுதுகிற வேலை மட்டும். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ரப்பர் முதுகின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். குத்திக் குத்தி அந்த முதுகு இட்லித் துணி மாதிரி ஆகிவிட்டது. மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தேன். அவள் கை தயங்கிக்கொண்டிருந்தது. ஊசியை முன்னால் கொண்டுபோவாள், பின்னால் இழுப்பாள், எதற்கோ காத்திருப்பாள், மறுபடி போவாள். மோசமான கையைச் சரிசெய்யும் என்று நாங்கள் வாங்கி வைத்த சாமான், என் கண் முன்னால் ஒரு நல்ல கையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கை வரலை மேம்" என்றாள். "எங்கம்மாவுக்கு முந்திரி ஒடச்சு ஒடச்சு வெரலெல்லாம் பாலு பட்டு வெந்து கெடக்கும். ஒனக்காவது இந்தக் கை வெள்ளையா இருக்கட்டும்னு சொல்லித்தான் படிக்க வச்சாங்க. வெள்ளையா இருந்து என்ன செய்ய?"

உன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். நாற்பத்தெட்டு வாங்கியவள் சொல்வதை நாற்பத்தொன்று வாங்கியவள் எப்படி நம்புவாள்? மரியாதைக்குத் தலையாட்டினாள்.

அந்த வாரத்தில்தான் திருமயம் பக்கத்துப் பையன் தொண்ணூற்று மூன்று எடுத்தான். அவனுக்கு ஊரில் தேக்குத் தூண் வைத்த பெரிய வீடு, அதற்குப் பெரிய பூட்டு. அப்பாவுக்குச் சென்னையில் வியாபாரம். கெட்டிக்காரன், கலகலப்பானவன், எல்லோருக்கும் பிடித்தவன். ஆனால் தியேட்டரில் அவன் ஊசியை எடுத்தால் நான் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். தன் பையில் சாவியைத் தேடுகிற மாதிரிதான் நோயாளியின் முதுகில் இடம் தேடுவான். அவனுக்குத் தொண்ணூற்று மூன்று என்றதும் துறைத் தலைவர் கைகொடுத்தார். அடுத்தடுத்த நாட்களில் அவனுடைய நண்பர்களும் எண்பதைத் தாண்டினார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வகுப்பில் பாதிப் பேருக்குத் திடீரென்று பார்வை மங்கிவிட்டது. எல்லோரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்கள். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல, ஒரே மாதிரி கறுப்பு பிரேம். திருமயம் பையனுடையதை வாங்கிப் பார்த்தேன். பவரே இல்லை. வெறும் கண்ணாடி.

என்னப்பா இது என்று கேட்டதற்கு அவன் ஒளிக்கவில்லை. நிபுணர் ஊசி போட்டபோது எடுத்த மூன்று வீடியோக்களையும் எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்திருந்தோம். மற்றவர்கள் ஊசி எங்கே போகிறது என்று பார்த்தார்களாம்.

"நான் முதுகைப் பாக்கவே இல்ல மேம். சாரோட கையைத்தான் பாத்தேன்" என்றான். "வட்டம் ஒண்ணு, கண்ணாடி ஏத்துறது ரெண்டு தடவ, அப்புறம் போன் வந்த மாதிரி ஒரு நிப்பு. இது மூணும் இருந்தா போதும். ஊசி கொஞ்சம் தள்ளிப் போனாக்கூட மிஷின் கண்டுக்காது."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேர்வு என்ன கேட்கிறதோ அதைப் படித்திருக்கிறான். இந்தப் படிப்புக்கு அவன் வந்து சேர்ந்ததே அப்படித்தான். நாங்கள் எல்லோரும் வந்ததும் அப்படித்தான்.

நான் துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். நிர்வாகத்திலிருந்து வந்த இரண்டு பேருக்கு அவர் ஏறுமுகமான ஒரு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்து, நிபுணர் பதிவை மறுபடி எடுத்தால் நல்லது என்றேன். எடுத்த நிபுணரிடம் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். கண்ணாடி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண்ணாடி மூக்கில் இறங்கி, புறங்கை தானாக மேலே போய் அதை ஏற்றிவிட்டது. தனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஏசியைச் சரிசெய்த பிறகு எடுத்தால் பதிவு துல்லியமாக இருக்கும் என்று ஏதோ சொன்னேன். யோசிப்போம் என்றார்.

யோசிப்பதற்குள் அந்தத் திங்கட்கிழமை வந்துவிட்டது. எந்திரம் தேர்ச்சி கொடுத்த முதல் மாணவன் நோயாளிக்கு ஊசி போடப்போகிறான். பார்ப்பதற்குத் துறைத் தலைவரே தியேட்டருக்கு வந்தார். நோயாளி ஆவூர்ப் பக்கத்துப் பெண், இரண்டாவது சிசேரியன். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றச் சொன்னதற்கு, கையில் சுற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டாள். குனிந்து உட்கார்ந்து உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆடாமல் இருக்கத் தோளைப் பிடித்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைப் பெண் முன்னால் நின்றாள். கேஸ் ஷீட் எழுதுகிறவர்களுக்குத் தோளைப் பிடிக்க மட்டும் அனுமதி இருந்தது.

திருமயம் பையன் கை கழுவி, க்ளவுஸ் மாட்டி, முதுகைத் துடைத்து, சுத்தமான துணி போர்த்தினான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்குதான். இடுப்பெலும்பைத் தொட்டான். ஊசியை எடுத்தான். காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டான். அடுத்து புறங்கையால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஊசியை முதுகுக்குக் கொண்டுபோனான்.

"நிறுத்து" என்றேன். "ஊசியக் கீழ வையி. க்ளவுஸக் கழட்டு."

எனக்கு முன்னால் துறைத் தலைவர் அவன் பக்கத்தில் போய்விட்டார். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. சுத்தம் செய்த கை எதையும் தொடக்கூடாது என்பது முதல் வருஷத்துப் பாடம். முகத்தைத் தொட்ட கையோடு ஊசி போட்டால் முதுகுத்தண்டுக்குள்ளேயே கிருமி போய்விடும். அவர் அந்த விஷயத்தில் ரொம்பக் கறாரானவர்.

"மூஞ்சியத் தொட்ட கையால முதுகுல ஊசி போடுவியா? யாருய்யா ஒனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

பையன் என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை.

"எக்ஸ்பர்ட் டூ, சார்" என்றான்.

"யாரு அந்த எக்ஸ்பர்ட் டூ?"

சிஸ்டர் ஊசித் தட்டில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார். மானிட்டர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. துறைத் தலைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பையனுடைய கண்ணாடியைப் பார்த்தார். அவருடைய வலது கை மெதுவாக மேலே கிளம்பியது. பாதி வழியில் நின்றது. அப்படியே கீழே இறங்கிவிட்டது.

குனிந்திருந்த பெண்தான் பேசினாள். "ஏங்க டாக்டரம்மா, என் முதுகுல ஏதும் கோளாறுங்களா?"

"ஒங்க முதுகு நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.

நான் கை கழுவிவிட்டு வந்து புது ஊசியை எடுத்துப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது துறைத் தலைவர் அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குழந்தை வீறிட்டு அழுதபடி வெளியே வந்தது. எங்கள் யாரைப் பற்றியும் அதற்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் துறைத் தலைவர் பயிற்சி அறைக்கு வந்தார். நான் மட்டும் இருந்தேன். நிபுணர் வீடியோக்களைப் போடச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் பார்த்தார். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார்.

"மூணு நிபுணருக்கும் ஒரே சட்டை" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு சென்சார்களை ஒட்டிக்கொண்டு ரப்பர் முதுகின் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வட்டம் இல்லை, பேச்சு இல்லை. ரொம்ப நிதானமாக, ரொம்ப அழகாகப் போட்டார். அந்தக் காலத்தில் ஏன் அவர் கையைப் பற்றிப் பேசினார்கள் என்று தெரிந்தது. நீர் சொட்டியது. ஐம்பத்திரண்டு என்றது கம்ப்யூட்டர். அவருக்கும் அடிப்படைப் பயிற்சி தேவை என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம், பதவி பதவிதான்.

"மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

தொழில்நுட்பக் காரணங்களால் பதிவுகள் புதுப்பிக்கப்படுவதாக ஒரு சுற்றறிக்கை வந்தது. என்ஜினீயர் மறுபடி வந்தார். இந்த முறை தினமும் ஊசி போடுகிறவர்களை மட்டும் உட்காரவைத்தோம். வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து இரண்டு பேர், கூட நான். ஏசி ஓடியது. போன்களை வெளியே வாங்கி வைத்தோம். எல்லாம் முடிந்து பதிவைப் பார்த்தபோது எனக்கு ஒரு பரிசு காத்திருந்தது. ஊசியைச் செலுத்துவதற்குச் சற்று முன்னால் என் இடது கை முதுகிலிருந்து ஒரு நொடி எழும்பி, காற்றில் சும்மா நின்றுவிட்டு, மறுபடி உட்காருகிறது. ஒவ்வொரு தடவையும். மற்ற இருவரின் கை அப்படி எழும்பவில்லை. இடது கையை எடுக்காதே, எடுக்காதே என்று வருஷக்கணக்காக மாணவர்களிடம் கத்தி என் தொண்டை வறண்டிருக்கிறது. அந்த ஒரு நொடியை வெட்டிவிட முடியுமா என்று என்ஜினீயரிடம் கேட்டேன். அவர் போன தடவை சொன்ன பதிலையே சொன்னார். ஆனால் மூன்று பேரின் சராசரியில் என் கிறுக்கு கரைந்துபோய்விட்டது. மூன்று பேர் வேண்டும் என்று அவர் சொன்னது அதற்குத்தான்.

திருமயம் பையன் புதுப் பதிவில் ஐம்பத்தெட்டு எடுத்தான். கொஞ்சமும் வருத்தப்படாமல், இந்தத் தடவை எந்த மாதிரிக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று கேட்டான். முதுகைப் பார்க்கச் சொன்னேன். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் பார்க்க ஆரம்பித்தான். வருஷக் கடைசியில் அவன் ஊசி போடும்போது நான் ஓர் எட்டுத் தள்ளி நிற்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

கந்தர்வக்கோட்டைப் பெண்ணுக்கு உடனே சரியாகவில்லை. புதுப் பதிவிலும் அறுபதுக்கு மேல் போகவில்லை. நிற்க வேண்டாத இடத்தில் நிற்க அவள் கை பழகியிருந்தது. சுற்றறிக்கை இன்னும் நோட்டீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் துறைத் தலைவரிடம் போய், அவள் நோயாளிகளுக்குப் போடட்டும், பக்கத்தில் நான் நிற்கிறேன் என்றேன். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "குடுங்க" என்றார். ரப்பர் முதுகுப் பக்கமே போகாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதல் சில நாள் அவள் கை நின்று நின்றுதான் போயிற்று. ஒருநாள் காலை, கறம்பக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மா, ஊசி போட்டு முடித்து வெகுநேரம் கழித்து, எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகுதான் அவளை மறுபடி ரப்பர் முதுகின் முன்னால் உட்காரவைத்தேன்; எண்பத்து நான்கு வந்தது. மதிப்பெண்ணைப் பார்த்தாள், கேஸ் ஷீட்டை என்னிடம் கொடுத்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

சில மாதம் கழித்து திருச்சியில் ஒரு மருத்துவ மாநாடு. நிபுணர்களின் தனிப்பட்ட பழக்கங்கள் மதிப்பீட்டை எப்படிக் கெடுக்கின்றன என்று துறைத் தலைவர் ஓர் ஆய்வுரை வாசித்தார். நிபுணர் இரண்டு என்பவரின் கண்ணாடிப் பழக்கத்தைப் படம் போட்டு, ஈவு இரக்கமில்லாமல் அலசினார். அந்த நிபுணர் யார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, அடையாளத்தை வெளியிடுவது ஆய்வு நெறிக்கு ஒத்துவராது என்றார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கட்டுரையில் மூன்றாவது பெயராக நான் இருந்தேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொடுத்தார்கள்.

அவருடைய காரில்தான் திரும்பினோம். கீரனூரில் டீக்கு நிறுத்தினார். மடியில் சால்வையை வைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒரு பேஷன்ட்டுக்கு எப்ப போட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன் மேடம்" என்றார். "ஞாபகமே வர மாட்டேங்குது."

செவ்வாய்க்கிழமை கேஸ் நிறைய இருக்கும், வாருங்கள் என்றேன்.

வந்தார். தியேட்டருக்குள் போடுகிற செருப்பில் அவர் கால் அளவுக்கு ஒன்றுகூட இல்லை. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு ஜோடியோடு உள்ளே வந்தார். முதல் நோயாளிக்கு முதல் குத்து சரியாக அமையவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா, இன்னொரு தடவ" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, இடம் மாற்றிப் போட்டார். நீர் வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். அவர் அங்கிட்டு நகர்ந்ததும் அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இவரு புதுசாங்க?"

ஆமாம் என்றேன். பரவாயில்லை, போகப்போக வந்துவிடும் என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.